தவளைகள் என்னும் சமுதாயம்: அமெரிக்க அயனமண்டலக் காடுகளிலும் சவன்னாக்களிலும் ஒரு நோக்கு

விலங்குகளும் பறவைகளும் மனிதர்களைப் போன்ற சமுதாயங்களே என்ற கருத்தினை அல்குர்ஆன் ஸூரா அல்அன்ஆமின் 38ஆவது வசனத்தில் முன்வைக்கின்றது. அங்கு கையாளப்பட்டுள்ள ‘உமம்’ என்ற சொல் ‘உம்மத்’ என்பதன் பன்மை வடிவமாகும். மனிதக் கூட்டங்களைக் குறிக்க எச்சொல் வழங்கப்பட்டதோ அதே சொல் ஏனைய உயிரினங்களுக்கும் வழங்கப்பட்டிருப்பது ஆழ்ந்த சிந்தனைக்குரியது. ஒரு சமுதாயத்திற்கு வாழிடம் உண்டு, வாழ்வாதாரம் உண்டு, தம்மிடையே தொடர்பு கொள்ள ஒரு மொழி உண்டு, சந்ததியைப் பேணும் ஒழுங்கு உண்டு. இவை யாவும் விலங்குகளுக்கும் உண்டு எனில், அவற்றை அறிந்துகொள்ள முயல்வது வெறும் பொழுதுபோக்கு அன்று. படைத்தவனின் அத்தாட்சிகளை வாசிக்கும் முயற்சியாகவே அது அமையும்.

யானையையோ தேனீயையோ எடுத்துக்கொண்டு இவ்வுண்மையை விளக்குவது எளிது. நாம் இங்கு பலராலும் அருவருப்புடன் நோக்கப்படும் தவளையைத் தெரிவு செய்கின்றோம். உலகில் தவளைகள் மிகுதியாக வாழும் நிலப்பரப்பு மத்திய அமெரிக்காவும் தென்னமெரிக்காவும் அடங்கிய அயனமண்டலமாகும். அங்குள்ள மழைக்காடுகளிலும் சவன்னாப் புல்நிலங்களிலும் தவளைகள் எவ்வாறு தமக்குள் இடத்தைப் பகிர்ந்து வாழ்கின்றன, அவை ஏன் அருகி வருகின்றன, அவற்றைக் காக்கும் பணி எங்கு தடைப்படுகின்றது என்பனவற்றை இக்கட்டுரையில் நோக்குவோம்.

இஸ்லாமிய அறிவு மரபில் தவளை

அல்குர்ஆனில் தவளை ஓரிடத்தில் குறிப்பிடப்படுகின்றது. பிர்அவ்னின் கூட்டத்தாருக்கு எதிராக அனுப்பப்பட்ட அத்தாட்சிகளுள் ஒன்றாக, வெள்ளம், வெட்டுக்கிளி, பேன், இரத்தம் ஆகியவற்றுடன் தவளையும் ஸூரா அல்அஃராபின் 133ஆவது வசனத்தில் இடம்பெறுகின்றது. எனினும் இதனை வைத்துத் தவளை வெறுப்புக்குரிய உயிர் என இஸ்லாமிய மரபு முடிவு செய்யவில்லை. மருந்தில் தவளையைச் சேர்ப்பது குறித்து மருத்துவர் ஒருவர் நபி (ஸல்) அவர்களிடம் வினவியபோது, அதனைக் கொல்வதை அவர்கள் தடுத்தார்கள் என்ற செய்தி அபூதாவூத், நஸாஈ ஆகிய ஹதீஸ் தொகுப்புகளில் பதிவாகியுள்ளது. கொல்லத் தடுக்கப்பட்டதை உண்பதும் கூடாது என்ற அடிப்படையில், ஷாஃபிஈ மத்ஹப் உட்படப் பெரும்பான்மையான சட்ட அறிஞர்கள் தவளையை உண்பதைத் தடை செய்தனர். மாலிகி மத்ஹபினர் இதில் மாறுபட்ட கருத்துடையவர்கள்.

தவளையின் ஒலி இறைதுதியே என்று கூறும் ஓர் அறிவிப்பும் வழக்கில் உண்டு. அதனை நபிமொழியாகக் கொள்வதில் ஹதீஸ் கலை அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு நிலவுகின்றது. ஆயினும் எல்லாப் பொருள்களும் தத்தமது முறையில் இறைவனைத் துதிக்கின்றன, மனிதர் அதனை விளங்குவதில்லை என்ற பொதுக் கருத்து ஸூரா அல்இஸ்ராவின் 44ஆவது வசனத்தில் ஐயத்திற்கு இடமின்றி வந்துள்ளது.

முஸ்லிம் அறிஞர்கள் தவளையை நேரில் கவனித்தும் எழுதினர். கி.பி. 9ஆம் நூற்றாண்டில் பஸராவில் வாழ்ந்த அல்ஜாஹிழ் தமது ‘கிதாபுல் ஹயவான்’ என்ற பெருநூலில் தவளையின் ஒலியைப் பற்றிப் பேசுகின்றார். கீழ்த்தாடை நீரைத் தொட்டாலன்றித் தவளையால் ஒலியெழுப்ப முடியாது என்பது அவரது கருத்து. ஹிஜ்ரி 808இல் காலமான அத்தமீரி, விலங்குகளை அகரவரிசையில் தொகுத்த தமது நூலில் தவளைக்கெனத் தனிப் பகுதியை ஒதுக்கினார். பஸராவின் நீர்நிலைகளில் வாழும் தவளைகளை நோக்கிய ஒருவருக்கு அல்ஜாஹிழின் கூற்று பொருத்தமாகவே தோன்றும். ஆனால் நிலத்திலிருந்து பல மீற்றர் உயரத்தில், மரக்கிளையில் அமர்ந்தவாறே இரவெல்லாம் குரலெழுப்பும் தவளைகள் அமேசன் காட்டில் உள்ளன என்பதை அவர் அறிந்திருக்க வாய்ப்பில்லை. நுரையீரலிலிருந்து வரும் காற்றைத் தொண்டைப் பையினுள் செலுத்தி, வாயை மூடியபடியே தவளை ஒலியெழுப்புகின்றது என்பது இன்றைய விளக்கமாகும்.

ஈரூடக வாழ்வின் இயல்பு

தவளையின் வாழ்வைத் தீர்மானிப்பது அதன் தோலாகும். அத்தோல் மெல்லியது, நீரையும் வாயுக்களையும் உட்செல்ல விடுவது. தவளை தோலினாலேயே நீரருந்துகின்றது. சுவாசத்தின் ஒரு பகுதியையும் தோலினாலேயே நிறைவேற்றுகின்றது. இதனால் ஈரம் அதற்கு இன்றியமையாதது. இதனாலேயே நீரில் கலந்த நஞ்சும் நோய்க்கிருமியும் அதனை எளிதில் தாக்குகின்றன. பெரும்பாலான தவளைகளின் முட்டைக்கு ஓடு இல்லை. முட்டையிலிருந்து வெளிவரும் வாற்பேத்தை, அதாவது தலைப்பிரட்டை, நீரில் வாழ்ந்து, பின்னர் உருமாறி நிலத்திற்கு வருகின்றது. ஆகவே ஒரு தவளைக்கு ஒரு வாழிடம் போதாது, இரண்டு வேண்டும். அவ்விரண்டுக்கும் இடையே பாதுகாப்பான பாதையும் வேண்டும். இக்கட்டுரையின் பிற்பகுதியை விளங்குவதற்கு இவ்வுண்மையை மனத்திற் கொள்வது அவசியமாகும்.

உலகில் இதுவரை விவரிக்கப்பட்ட ஈரூடகவாழி இனங்களின் எண்ணிக்கை 8,800ஐத் தாண்டிவிட்டது. அவற்றுள் பத்தில் ஏறத்தாழ ஒன்பது பங்கு தவளைகளும் தேரைகளுமாகும். அமெரிக்க அயனமண்டலத்தில் மட்டும் உலக ஈரூடகவாழிகளில் ஏறத்தாழப் பாதி வாழ்கின்றன. 2021இல் வெளியான பிரேசில் நாட்டுப் பட்டியல் அந்நாட்டில் 1,144 தவளை இனங்களைக் குறிப்பிட்டது. வேறெந்த நாட்டிலும் இத்தனை இனங்கள் இல்லை. அடுத்த நிலையில் கொலம்பியா உள்ளது. முதுகெலும்புள்ள உயிரினங்களிலேயே மிக அதிக இனங்களைக் கொண்ட பேரினம் அந்தீஸ் மலைச்சாரலிலும் அதனை அண்டிய பகுதிகளிலும் வாழும் ‘பிரிஸ்டிமான்டிஸ்’ எனும் தவளைப் பேரினமே. அதில் 600க்கும் மேற்பட்ட இனங்கள் உள்ளன. முதுகெலும்பிகளுள் மிகச் சிறியதாக 2024இல் அறிவிக்கப்பட்டதும் பிரேசிலின் அத்திலாந்திக் காட்டில் வாழும் ஒரு தவளையே. அதன் ஆண் சராசரியாக 7 மில்லிமீற்றர் அளவே வளர்கின்றது. ஒரு பேரீச்சங்கொட்டையின் மீது அது வசதியாக அமர முடியும்.

மழைக்காட்டில் இடப் பங்கீடு

இத்தனை இனங்கள் ஓரிடத்தில் எவ்வாறு ஒன்றையொன்று அழிக்காது வாழ்கின்றன? இவ்வினாவுக்கு விடை தேடியவர்களுள் அமெரிக்க உயிரியலாளர் வில்லியம் டியூல்மன் முக்கியமானவர். எக்குவடோர் நாட்டின் அமேசன் பகுதியிலுள்ள சாந்தா செசிலியா என்ற இடத்தில் அவர் நடத்திய ஆய்வு 1978இல் நூலாக வெளிவந்தது. ஏறத்தாழ 3 சதுர கிலோமீற்றர் பரப்பினுள் 81 தவளை இனங்களை அவர் பதிவு செய்தார்.

இவ்வினங்கள் யாவும் ஒரே குளத்தை மொய்க்கவில்லை. சில பகலிலும் பெரும்பாலானவை இரவிலும் இயங்கின. சில உதிர்ந்த இலைகளுக்கு இடையிலும், சில புதர்களிலும், சில உயர்ந்த மரக்கவிகையிலும் வாழ்ந்தன. சில எறும்புகளையே பெரிதும் உண்டன. சில கண்ணிற் பட்ட எதனையும் விழுங்கின. இவை அனைத்திலும் முதன்மையானது இனப்பெருக்க இடத்தின் வேறுபாடாகும்.

குளத்தில் முட்டையிட்டு நீங்கும் தவளையையே நாம் பொதுவாக அறிவோம். அமெரிக்க அயனமண்டலத்தில் இது பல வழிகளில் ஒன்று மட்டுமே. கண்ணாடித் தவளைகள் ஓடையின் மேலே தொங்கும் இலைகளில் முட்டையிடுகின்றன. வெளிவரும் வாற்பேத்தைகள் கீழே ஓடும் நீரில் விழுகின்றன. செங்கண் மரத்தவளையும் குளத்தின் மேலுள்ள இலையிலேயே முட்டையிடும். அம்முட்டைத் திரளைப் பாம்பு கடிக்கத் தொடங்கினால், அதிர்வை உணர்ந்த கருக்கள் உரிய நாளுக்கு முன்னரே பொரித்து நீரில் குதித்துத் தப்புகின்றன. இன்னும் பிறவாத ஓர் உயிர் ஆபத்தை அறிந்து முடிவெடுப்பதை கரென் வார்கென்டின் என்ற ஆய்வாளர் 1995இல் வெளியிட்ட ஆய்வில் எடுத்துக்காட்டினார்.

அத்திலாந்திக் காட்டின் ‘கொல்லர் தவளை’ சுத்தியலால் அடிப்பது போன்ற ஒலியால் அப்பெயர் பெற்றது. அதன் ஆண் குளக்கரையில் களிமண்ணால் வட்டமான தொட்டியைக் கட்டி, அதனுள் முட்டைகளைக் காக்கின்றது. ஸ்ட்ராபெரி நஞ்சுத் தவளையின் தாய் தன் வாற்பேத்தைகளை ஒவ்வொன்றாக முதுகில் சுமந்து சென்று, அன்னாசிக் குடும்பத்தைச் சேர்ந்த மரவொட்டிச் செடிகளின் இலையடியில் தேங்கிய நீரில் விடுகின்றது. பின்னர் மீண்டும் மீண்டும் அங்கு வந்து, கருக்கட்டாத முட்டைகளை அவற்றுக்கு உணவாக இடுகின்றது. சூரினாம் தேரையின் முட்டைகள் தாயின் முதுகுத் தோலினுள் பதிந்து, முழுமையான சிறு தேரைகளாகவே வெளிவருகின்றன. இவ்வதிசயத்தை 1705இல் ஓவியத்துடன் ஐரோப்பாவுக்கு அறிமுகம் செய்தவர் மரியா சிபில்லா மேரியன் என்ற பெண்மணி ஆவார். முன்னர் கூறிய பிரிஸ்டிமான்டிஸ் தவளைகளுக்கோ குளமே தேவையில்லை. ஈரமான நிலத்தில் இட்ட முட்டையினுள்ளேயே உருமாற்றம் நிகழ்ந்து, சிறு தவளையே வெளிவருகின்றது.

2005இல் செலியோ ஹடாட், சிந்தியா பிராடோ ஆகிய பிரேசில் ஆய்வாளர்கள் உலகத் தவளைகளின் இனப்பெருக்க முறைகளை 39 வகைகளாகப் பிரித்தனர். அவற்றுள் 27 வகைகள் அத்திலாந்திக் காடு ஒன்றிலேயே காணப்பட்டன. 2021இல் வெளியான திருத்திய வகைப்பாடு ஈரூடகவாழிகளின் இனப்பெருக்க முறைகளை 70க்கும் மேற்பட்டதாக உயர்த்தியது. அல்லாஹ் தன் படைப்புகளுக்கு வழங்கிய வழிகாட்டலின் விரிவை இவ்வெண்ணிக்கை உணர்த்துகின்றது.

குரலும் அதன் விலையும்

மழை பெய்த இரவில் ஒரு குளத்தருகே பத்துக்கும் மேற்பட்ட இனங்கள் ஒரே வேளையில் ஒலியெழுப்பக்கூடும். நமக்கு அது இரைச்சல். ஒவ்வொரு பெண் தவளையும் தன் இனத்தின் குரலை அதிலிருந்து பிரித்தறிகின்றது. சுருதி, நீளம், துடிப்பின் வேகம், ஒலியெழுப்பும் இடம், நேரம் ஆகியவற்றில் இனங்கள் வேறுபடுவதே இதனைச் சாத்தியமாக்குகின்றது. இன்று காடுகளில் ஒலிப்பதிவுக் கருவிகளை வைத்து, தவளையைப் பிடிக்காமலேயே இனங்களைக் கணக்கெடுக்கும் முறை இந்த இயல்பையே அடிப்படையாகக் கொண்டது.

குரலுக்கு ஒரு விலையும் உண்டு. பனாமாவின் துங்காரா தவளையின் ஆண் முதலில் ஓர் இழுவொலியை எழுப்புகின்றது. போட்டி மிகும்போது அதன் இறுதியில் குறுகிய ஒலிகளைச் சேர்க்கின்றது. பெண் தவளை அவ்வாறு சேர்க்கப்பட்ட அழைப்பையே விரும்புகின்றது. ஆனால் தவளையுண்ணும் வௌவாலும் அதே ஒலியைக் கொண்டே இரையின் இடத்தை எளிதாகக் கண்டறிகின்றது. மைக்கல் ரயனும் அவருடைய சக ஆய்வாளர்களும் 1980களில் தெளிவுபடுத்திய இவ்வுண்மை, அழகும் ஆபத்தும் ஒரே அளவையில் நிறுக்கப்படுவதைக் காட்டுகின்றது. பாம்பு, வௌவால், பறவை, சிலந்தி எனப் பல உயிர்களுக்குத் தவளை உணவாகின்றது. தவளையோ பூச்சிகளை உண்கின்றது. இச்சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தால் நேர்வது என்ன என்பதைப் பின்னர் காண்போம்.

சவன்னா: மறக்கப்பட்ட வாழிடம்

அமெரிக்க அயனமண்டலம் என்றதும் மழைக்காடே பலருடைய நினைவுக்கு வருகின்றது. ஆனால் பிரேசிலின் நடுப்பகுதியில் ஏறத்தாழ 20 இலட்சம் சதுர கிலோமீற்றர் பரப்பில் விரிந்துள்ள செராடோ என்ற சவன்னா, அமேசனுக்கு அடுத்த பெரிய உயிர்ச்சூழல் மண்டலமாகும். கொலம்பியா, வெனிசுவேலா நாடுகளில் யானோஸ் சமவெளி உண்டு. பராகுவேயை மையமாகக் கொண்டு சாகோ வறள்நிலம் உண்டு. செராடோவில் ஒக்டோபர் முதல் ஏப்ரல் வரை மழையும், எஞ்சிய மாதங்களில் கடும் வறட்சியும் நிலவும். தோலினால் நீரருந்தும் உயிருக்கு இது பகை நிலமாகவே தோன்றும். எனினும் செராடோவில் 200க்கும் மேற்பட்ட தவளை இனங்கள் வாழ்கின்றன. அவற்றுள் ஏறத்தாழப் பாதி வேறெங்கும் காணப்படாதவை.

அவை வறட்சியை எவ்வாறு வெல்கின்றன? ‘லெப்டோடக்டைலஸ்’ பேரினத்தின் சில இனங்களில் மழைக்கு முன்னரே ஆண் தவளை ஈரமண்ணில் சிறு நிலவறையைத் தோண்டுகின்றது. அதனுள் நுரைக்கூட்டில் முட்டைகள் இடப்படுகின்றன. வாற்பேத்தைகள் அந்நுரையினுள் காத்திருந்து, மழைவெள்ளம் அறையை நிரப்பும்போது வெளியேறுகின்றன. முதல் மழையில் பொரித்து அடுத்த வெயிலில் மாண்டுபோகும் ஆபத்து இதனால் குறைகின்றது. சாகோவில் வாழும் ஓர் இலைத்தவளை தன் தோற்சுரப்பிகளிலிருந்து வரும் மெழுகை, கைகால்களால் உடலெங்கும் பூசிக்கொள்கின்றது. அதனால் நீரிழப்பு பெருமளவு குறைகின்றது. அங்கேயே வாழும் வேறு சில தவளைகள் சேற்றில் புதைந்து, உதிராத தோலடுக்குகளால் உறை அமைத்து, அடுத்த மழைவரை உறங்குகின்றன. குயாபா குறுந்தவளை எதிரியைக் கண்டதும் பின்புறத்தை உயர்த்துகின்றது. அங்குள்ள இரு கரும்புள்ளிகள் பெரிய விலங்கொன்றின் விழிகளைப் போல் தோன்றுகின்றன.

வெள்ளச் சமவெளிகளில் வாழும் ‘முரண் தவளை’யின் வாற்பேத்தை 20 சென்ரிமீற்றருக்கு மேல் வளர்கின்றது, உருமாறிய தவளையோ அதன் மூன்றிலொரு பங்கே இருக்கும். குஞ்சு தாயினும் பெரிதாக இருப்பதைக் கண்ட பழைய ஐரோப்பிய இயற்கையியலாளர்கள், தவளையே மீனாக மாறுகின்றது என மயங்கினர்.

செராடோ வெறும் புல்வெளி அன்று. ஓடைகளை ஒட்டி நிற்கும் அடர்ந்த கரையோரக் காடு, புரிதிப் பனைகள் நிற்கும் சதுப்பு, பாறைமேட்டுப் புல்நிலம், மழைக்காலக் குட்டைகள் ஆகியன அதில் கலந்துள்ளன. ஒவ்வொன்றுக்கும் தனித்த தவளைக் கூட்டங்கள் உண்டு. திறந்த வெளியில் வாழும் பல இனங்கள் குட்டைகளை நாட, ஓடை இனங்கள் கரையோரக் காட்டை விட்டு வெளியேறுவதில்லை. சூரினாமின் தென்பகுதியிலுள்ள சிப்பாலிவினி சவன்னாவில், புல்வெளி நடுவே தீவுகளைப் போல் நிற்கும் சிறு காடுகளில்தான் நீலநிற நஞ்சுத் தவளை வாழ்கின்றது. காடும் புல்வெளியும் அடுத்தடுத்து நிற்பதால்தான் தவளைகளின் பன்மை பெருகுகின்றது.

பரப்பு மட்டும் போதாது

காட்டின் ஒரு பகுதியை ஒதுக்கிவிட்டால் உயிர்கள் பாதுகாக்கப்படும் என்ற எண்ணம் பரவலாக உள்ளது. இதனைத் தவளைகள் இரு வகையில் மறுக்கின்றன.

முதலாவது சான்று பிரேசிலின் மனாவுஸ் நகரையடுத்த காடுகளிலிருந்து வருகின்றது. 1986இல் பார்பரா சிம்மர்மன், ரிச்சர்ட் பியரகார்ட் ஆகியோர் அங்குள்ள தவளைகளை ஆராய்ந்து, ஒதுக்கப்பட்ட நிலத்தின் பரப்பை மட்டும் கணக்கிடுவது பயனற்றது எனக் காட்டினர். தேவையான இனப்பெருக்க இடம் உள்ளே இல்லையெனில் பெரிய காடும் வெறுமையே. சில தவளைகள் முட்டையிடும் இடம் ‘பெக்காரி’ என்ற, பன்றியை ஒத்த விலங்கு புரண்டெழுந்த சேற்றுக் குழிகளாகும். பெக்காரிகள் வேட்டையாடப்பட்டுவிட்டால் குழிகள் தூர்ந்துபோகும், தவளைகளும் மறைந்துபோகும். நமது உணவுக்கு உரியதல்லாத ஒரு விலங்கு மற்றொரு சமுதாயத்தின் தொட்டிலைக் கட்டித் தருகின்றது. உண்ணத் தகாதது என்பது வேறு, தேவையற்றது என்பது வேறு என்பதை இதனினும் தெளிவாக விளக்க இயலாது.

இரண்டாவது சான்று அத்திலாந்திக் காட்டிலிருந்து வருகின்றது. ஒரு காலத்தில் பிரேசிலின் கிழக்குக் கரையெங்கும் பரவியிருந்த இக்காடு, இன்று பெரும்பாலும் சிறு துண்டுகளாகச் சிதறிக் கிடக்கின்றது. ஓடை ஓடும் பள்ளத்தாக்குகள் உழவுக்கும் குடியேற்றத்திற்கும் சென்றன. மலைச்சரிவுகளில் மட்டும் காடு எஞ்சியது. காட்டில் வாழும் தவளை முட்டையிடுவதற்கு மேய்ச்சல் நிலத்தையும் நஞ்சு தெளித்த வயலையும் கடந்து ஓடைக்குச் செல்ல வேண்டியதாயிற்று. 2007இல் கார்லோஸ் குலியர்மே பெக்கரும் அவருடைய குழுவினரும் இதனை ‘வாழிடப் பிளவு’ என அழைத்தனர். காட்டின் பரப்புக் குறைவதைக் காட்டிலும், காடும் ஓடையும் பிரிக்கப்படுவதே நீரில் வளரும் வாற்பேத்தைகளைக் கொண்ட இனங்களைக் கடுமையாகக் குறைக்கின்றது என்று அவர்கள் கண்டனர். முட்டையினுள்ளேயே உருமாறும் இனங்கள் இப்பிளவினால் அவ்வளவாகப் பாதிக்கப்படவில்லை. இதிலிருந்து காரணம் ஐயமற விளங்குகின்றது.

கண்ணுக்குத் தெரியாத கொள்ளைநோய்

காடு முழுமையாக இருந்த இடங்களிலும் தவளைகள் மறைந்தன. கொஸ்டாரிக்காவின் மொன்டேவெர்டே மலைக்காட்டில் வாழ்ந்த பொன் தேரையை 1987இல் 1,500க்கும் மேற்பட்ட எண்ணிக்கையில் கண்டனர். 1989இல் ஒரேயொரு ஆண் தேரை காணப்பட்டது. அதன் பின்னர் எவரும் அதனைக் காணவில்லை. 2004இல் அது அற்றுப்போனதாக அறிவிக்கப்பட்டது.

தவளைகளின் தோலைத் தாக்கும் கைற்றிட் பங்கசு 1998இல் அவுஸ்திரேலியாவிலும் பனாமாவிலும் இறந்த தவளைகளில் இனங்காணப்பட்டு, 1999இல் பெயரிடப்பட்டது. அது தோலின் புறவணியில் வளர்ந்து, உப்புகளின் சமநிலையைக் குலைக்கின்றது. உடலில் சோடியமும் பொற்றாசியமும் குன்ற, இறுதியில் இதயம் நின்றுவிடுகின்றது. 2004இல் பனாமாவின் எல் கோப்பே காட்டை இந்நோய் அடைந்தபோது, கரென் லிப்ஸ் தலைமையிலான குழுவினர் சில மாதங்களுக்குள் தவளைக் கூட்டங்கள் சரிந்து வீழ்வதை நேரில் பதிவு செய்தனர். 2018இல் வெளியான மரபணு ஆய்வு இப்பங்கசின் தோற்றம் கிழக்காசியா எனக் காட்டியது. கண்டம் விட்டுக் கண்டம் அதனைக் கொண்டு சேர்த்ததில் மனிதரின் உயிரின வணிகத்திற்குப் பெரும் பங்குண்டு. 2019இல் வெளியிடப்பட்ட உலகளாவிய மதிப்பீட்டின்படி 501 ஈரூடகவாழி இனங்கள் இந்நோயால் குறைந்துள்ளன. அவற்றுள் 90 இனங்கள் அற்றுப்போயிருக்கலாம் எனக் கருதப்படுகின்றது.

தவளைகள் இல்லாதுபோனால் மனிதருக்கு என்ன இழப்பு என்ற வினாவுக்கும் இங்கேயே விடை கிடைத்தது. 1980களிலிருந்து கொஸ்டாரிக்காவின் மேற்கிலிருந்து பனாமாவின் கிழக்கு நோக்கி நகர்ந்த தவளை அழிவையும், அதே பகுதிகளின் மலேரியாப் பதிவுகளையும் ஒப்பிட்ட ஆய்வு 2022இல் வெளிவந்தது. தவளைகள் மறைந்த பின்னர் பல ஆண்டுகளுக்கு மலேரியா கூடியிருந்தது. உச்சத்தில் அது ஆயிரம் பேருக்கு ஒருவர் வரை மேலதிகமாக நோயுறும் அளவை எட்டியது. நுளம்பையும் அதன் குடம்பியையும் உண்டு வந்த ஓர் உயிர், மனிதரின் காவலாக இருந்ததை மனிதர் அதனை இழந்த பின்னரே அறிந்தனர். மனிதக் கரங்கள் சம்பாதித்தவற்றின் விளைவாகவே தரையிலும் கடலிலும் குழப்பம் தோன்றுகின்றது என்ற கருத்தினை ஸூரா அர்ரூமின் 41ஆவது வசனம் தருகின்றது. இந்நிகழ்வு அதற்கு ஒரு தெளிவான உதாரணமாகும்.

நம்பிக்கைக்கும் இடமுண்டு. 2018இல் வெளியான மற்றோர் ஆய்வு, பனாமாவில் எஞ்சிய சில இனங்கள் மீண்டும் பெருகத் தொடங்கியிருப்பதைக் காட்டியது. பங்கசின் வீரியம் குறையவில்லை. தவளைகளின் தோற்சுரப்பே முன்னரைவிட வலுவாக அதனை எதிர்த்தது. எனவே காலமும் வாழிடமும் கிடைத்தால் மீட்சி சாத்தியமே.

மருந்தும் வாழிடமும்

நபியவர்களிடம் மருத்துவர் கேட்ட வினா நமது காலத்தில் புது வடிவம் பெற்றுள்ளது. எக்குவடோரின் ஒரு நஞ்சுத் தவளையின் தோலிலிருந்து ஜோன் டேலி என்ற வேதியியலாளர் பிரித்தெடுத்த ‘எபிபடிடின்’, மோர்பினைவிடச் சுமார் 200 மடங்கு வலிநீக்கும் ஆற்றல் கொண்டது. நச்சுத்தன்மை மிகுதியால் அது நேரடியாக மருந்தாகவில்லை. ஆனால் ஆய்வுக்கூடத்தில் அதனைத் தொகுக்க முடிந்தது. அதன்பின் தவளையைக் கொல்லும் தேவையும் நீங்கியது. இன்னுமோர் உண்மையும் இதில் உண்டு. இத்தவளைகள் தமது நஞ்சைத் தாமே உருவாக்குவதில்லை. காட்டில் உண்ணும் எறும்பு, சிற்றுண்ணி முதலானவற்றிலிருந்தே அதனைப் பெறுகின்றன. கூண்டில் வளர்க்கப்படும் தவளைகளிடம் அந்நஞ்சு காணப்படுவதில்லை. ஆதலால் தவளையைக் கண்ணாடிப் பெட்டியில் காப்பாற்றிவிட்டுக் காட்டை அழித்தால், உடலை வைத்துக்கொண்டு அதன் அறிவை இழந்தவர்களாவோம்.

சட்டம் எங்கு தடுமாறுகின்றது?

2004இல் நடத்தப்பட்ட முதல் உலக மதிப்பீடு ஈரூடகவாழிகளின் ஆபத்தை உணர்த்தியது. 2023இல் வெளியான இரண்டாவது மதிப்பீடு 8,011 இனங்களை ஆராய்ந்து, அவற்றுள் ஏறத்தாழ 41 சதவீதம் அழியும் ஆபத்தில் உள்ளதாக அறிவித்தது. பறவைகளையும் பாலூட்டிகளையும் விட இவ்வீதம் அதிகம். வாழிட அழிவும் நோயும் முன்னரே அறியப்பட்டவை. 2004இற்குப் பின்னர் காலநிலை மாற்றம் முதன்மைக் காரணங்களுள் ஒன்றாக வளர்ந்துள்ளதை இம்மதிப்பீடு சுட்டியது.

இந்நிலையில் சவன்னா இரட்டைப் புறக்கணிப்புக்கு உள்ளாகின்றது. 2012ஆம் ஆண்டின் பிரேசில் வனச் சட்டம், அமேசன் காட்டு நில உரிமையாளர் தம் நிலத்தின் 80 சதவீதத்தை இயற்கைத் தாவரத்துடன் விட்டுவைக்க வேண்டும் என்றது. செராடோவின் பெரும்பகுதியில் இக்கடமை 20 சதவீதமே. அமேசன் நிர்வாக எல்லைக்குள் வரும் செராடோவில் 35 சதவீதம். 2006இல் சோயா வணிக நிறுவனங்கள் செய்துகொண்ட காடழிப்பு எதிர்ப்பு உடன்பாடும் அமேசனுக்கே உரியதாயிற்று. செராடோ அதில் சேர்க்கப்படவில்லை. விளைவு எதிர்பார்க்கத்தக்கதே. 2022 ஓகஸ்ட் முதல் 2023 ஜூலை வரை அமேசனில் ஏறத்தாழ 9,000 சதுர கிலோமீற்றர் காடு அழிக்கப்பட்டபோது, செராடோவில் 11,000 சதுர கிலோமீற்றர் அழிந்தது. செராடோவின் இயற்கைத் தாவரத்தில் ஏறத்தாழப் பாதி ஏற்கனவே போய்விட்டது.

தவளையின் கண்கொண்டு நோக்கினால் அச்சட்டத்தில் மற்றொரு குறையும் தெரிகின்றது. நிரந்தர ஓடைகளுக்கும் பருவகால ஓடைகளுக்கும் கரையோரப் பாதுகாப்பு உண்டு. மழையின்போது மட்டும் ஓடும் நீர்த்தடங்களுக்கு அது இல்லை. ஒரு ஹெக்டேயருக்குக் குறைந்த நீர்நிலைகளுக்கும் கரையோர ஒதுக்கீடு கட்டாயமில்லை. சவன்னாத் தவளைகளின் வாழ்வோ அந்தச் சிறு குட்டைகளிலேயே தங்கியுள்ளது. மனிதன் பயனற்ற சேறு எனக் கருதி விட்ட இடமே அவற்றின் ஊராகும்.

காடுகளின் விடயத்திலும் வெற்றியும் தோல்வியும் கலந்தேயுள்ளன. டியூல்மன் 81 இனங்களைக் கண்ட சாந்தா செசிலியாவின் காடு, எண்ணெய் அகழ்வும் அதனைத் தொடர்ந்த வீதிகளும் குடியேற்றமும் வந்த பின்னர் அழிக்கப்பட்டது. அதே எக்குவடோரின் யசுனி தேசியப் பூங்காவில் ஏறத்தாழ 150 ஈரூடகவாழி இனங்கள் பதிவாகியுள்ளன. அங்கும் எண்ணெய் எடுக்கப்பட்டு வந்தது. 2023 ஓகஸ்டில் நடைபெற்ற மக்கள் வாக்கெடுப்பில், பூங்காவின் ஒரு பகுதியில் எண்ணெய் அகழ்வை நிறுத்துமாறு பெரும்பான்மையினர் தீர்ப்பளித்தனர்.

முஸ்லிம் உலகுக்கும் இதில் நேரடித் தொடர்பு உண்டு. இஸ்லாமிய ஒத்துழைப்பு அமைப்பில் அமெரிக்கக் கண்டத்திலிருந்து அங்கம் வகிக்கும் இரு நாடுகளான சூரினாமும் கயானாவும் இதே அயனமண்டலக் காட்டில்தான் அமைந்துள்ளன. சூரினாமின் நிலப்பரப்பில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் இன்றும் காடாகும். தங்கச் சுரங்கங்களிலிருந்து ஓடைகளில் கலக்கும் பாதரசம் அங்குள்ள முக்கிய அச்சுறுத்தலாகும். சூழல் பற்றிய உரையாடலில் இவ்விரு நாடுகளின் காடுகளும் நமது கவனத்திற்குரியவை.

ஹிமாவும் அமானிதமும்

இயற்கையைப் பாதுகாப்பதற்கான ஏற்பாடு இஸ்லாமிய ஷரீஆவுக்குப் புதியதன்று. மதீனாவைச் சூழ்ந்த புனித எல்லையில் வேட்டையாடுவதும் மரங்களை வெட்டுவதும் தடுக்கப்பட்டன. பொது நலன் கருதி ஒதுக்கப்பட்ட ‘ஹிமா’ நிலங்களும், கிணறு, ஆறு போன்ற நீர்நிலைகளைச் சூழ விடப்பட்ட ‘ஹரீம்’ எல்லையும் சட்ட நூல்களில் விரிவாகப் பேசப்பட்டுள்ளன. கரையோரக் காட்டைக் காக்கும் இன்றைய சட்டங்களின் நோக்கம் ஹரீம் என்ற கருத்துக்கு மிக நெருக்கமானது. இக்கருத்துகளை நமது காலத்திற்கு ஏற்ப எடுத்துரைக்கும் ‘அல்மீஸான்’ என்ற பிரகடனத்தை முஸ்லிம் அறிஞர்கள் 2024 பெப்ரவரியில் நைரோபியில் வெளியிட்டனர்.

எறும்பொன்று கடித்ததற்காக எறும்புக் கூட்டம் முழுவதையும் எரிக்கச் செய்த ஒரு நபியை அல்லாஹ் கண்டித்த செய்தி புகாரி, முஸ்லிம் தொகுப்புகளில் உண்டு. இறைவனைத் துதிக்கும் ஓர் உம்மத்தை அழித்துவிட்டதே அக்கண்டனத்தின் காரணம். ஓர் எறும்புக் கூட்டத்திற்கே இக்கண்டனம் எனில், ஓர் இனம் முழுவதையும் பூமியிலிருந்து துடைத்துவிடும் செயலுக்கு நாம் என்ன பதில் கூறப்போகின்றோம்?

தவளையைக் கொல்லக் கூடாது என்ற நபிமொழியை நாம் அறிவோம். கையால் கொல்வதை விட, அதன் குட்டையைத் தூர்ப்பதும், காட்டுக்கும் ஓடைக்கும் இடையே அதன் வழியை மறிப்பதும், நோயை அதன் ஊருக்குள் கொண்டு சேர்ப்பதும் மிகப் பெரிய அழிவைத் தருகின்றன என்பதைப் பொன் தேரையும் செராடோவும் காட்டுகின்றன. எனவே அத்தடையின் பொருளை இவ்விரிவோடு விளங்குவது நமது அறிஞர்களின் கடமையாகும். நமது இறக்குமதிப் பொருள்கள் எந்நிலத்தை அழித்து விளைந்தவை என்று வினவுவதும், நமது ஊர்களின் சிறு நீர்நிலைகளைப் பயனற்றவை எனக் கருதாது பேணுவதும் ஒவ்வொருவராலும் இயலக்கூடியவை. பூமி நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். அதில் நம்மோடு வாழும் சமுதாயங்களும் அவ்வமானிதத்தில் அடங்கும். அல்லாஹ்வே மிக அறிந்தவன்.